டிப்ஸ்: சந்தோசமா, சம்பளமா?

கடந்த பெருநாளன்று மாமா வீட்டில் பகல் சாப்பாடு. மாமா போன வருடம் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் மகனைப் பார்க்கப் போய் மூன்று மாதம் தங்கிவிட்டு வந்தவர். சாப்பிட்டு முடிந்து எல்லோரும் பாயில் சாய்ந்திருந்த நேரம், அங்கு நடந்த ஒரு கதையைச் சொன்னார்.

ஒரு நாள் குடும்பமாக வெளியில் சாப்பிடப் போயிருக்கிறார்கள். மகன் காரை எடுக்கப் போன இடைவெளியில், எப்போதும் மகனே காசு கட்டுகிறான், இன்றைக்கு நாம் கட்டுவோம் என்று மாமா பில்லைக் கையில் எடுத்துவிட்டார். வரியோடு சேர்த்து 84 டொலர். சதம் பிசகாமல் எண்ணி வைத்துவிட்டு வெளியே வந்தார். வாசலைத் தாண்டவில்லை, பரிமாறிய பெண் பின்னால் வந்து கேட்டாள்: "சாப்பாட்டில் ஏதும் குறையா? நான் ஏதும் பிழை விட்டேனா?"

மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாம் நல்லம் என்று சிரித்திருக்கிறார். அவள் சிரிக்கவில்லை. பிறகு மகன் வந்து, விஷயம் விளங்கி, மன்னிப்புக் கேட்டுக் காசு கொடுத்துவிட்டு வந்தானாம்.

கதையைக் கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மாமா மட்டும் சிரிக்கவில்லை. "கள்ளனப் பாக்கிற மாதிரி பாத்திச்சி அந்தப் புள்ள. நான் சாப்பாட்டுக் காசு முழுக்கக் குடுத்த மனிசன். அந்தப் புள்ளைக்குச் சம்பளம் குடுக்கிறது முதலாளிட வேலையா, என்ட வேலையா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்கதானே வரலாறு படிப்பிக்கிற ஆக்கள், சொல்லுங்களன்."

அந்த இடத்தில் எமக்குச் சரியான பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து தேடி வாசித்ததை இங்கே எழுதுகிறோம். நம்மூரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க, உம்ராவுக்கு, சுற்றுலாவுக்கு என்று வெளிநாடு போகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். மாமாவின் கேள்வி அவர்கள் எல்லோருக்கும் உரியது.

சொல்லில் இருந்து தொடங்குவோம்

நம் நாட்டில் இதற்கு அழகான ஒரு சொல் இருக்கிறது: சந்தோசம். "சந்தோசத்துக்கு ஏதாவது தாங்க" என்று கேட்பதை எல்லோரும் கேட்டிருப்போம். கொடுப்பவரும் மகிழ்ச்சியாகக் கொடுக்க வேண்டும், வாங்குபவரும் மகிழ்ச்சியாக வாங்க வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பக்ஸீஸ் என்ற சொல் பாரசீகத்தில் இருந்து வந்தது, அதன் வேர் 'கொடுத்தல்'. பிரெஞ்சுக்காரர் 'பூர்புவார்' என்பார்கள், குடிப்பதற்கு என்று அர்த்தம். ஜெர்மனியரின் 'டிரிங்கெல்ட்' என்பதும் அதே குடிகாசுதான். ரஷ்யர்கள் 'தேநீருக்கு' என்று சொல்லிக் கொடுப்பார்கள். எல்லாச் சொற்களும் ஒன்றைத்தான் சொல்கின்றன: இது கூலி இல்லை, அதற்கு மேலே ஒரு சின்ன ஹதியா.

டிப் என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி ஒரு வட்சப் கதை சுற்றுகிறது. 'டு இன்ஷூர் ப்ரொம்ப்ட்னஸ்', அதாவது வேகமான சேவையை உறுதிப்படுத்த என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து வந்ததாம். இது பிழையான கதை. 1600களில் இங்கிலாந்துத் திருடர்களின் இரகசியப் பேச்சில் 'டிப்' என்றால் 'கொடு', 'கைமாற்று' என்று பொருள். அங்கிருந்துதான் சொல் வந்தது. முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் உண்டாக்கும் வழக்கம் அக்காலத்தில் இருக்கவும் இல்லை.

ஹதியா உரிமையாக மாறிய கதை

அன்பளிப்பாகத் தொடங்கியது கொஞ்சக் காலத்தில் எப்படி உரிமையாக மாறும் என்பதற்கு உஸ்மானியப் பேரரசில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. புதிய சுல்தான் ஒருவர் பதவிக்கு வரும்போது ஜெனிசரிப் படையினருக்கு 'பஹ்ஷிஷ்' கொடுப்பது வழக்கம். முதலில் அது சுல்தானின் தாராள மனதுக்கு அடையாளமாக இருந்தது. காலம் போகப் போகப் படையினர் அதைத் தங்களுக்குச் சேர வேண்டிய கணக்காகவே எண்ணத் தொடங்கினர். கொடுக்காவிட்டால், குறைத்தால், கிளர்ச்சி என்ற பயம் அரண்மனைக்கு வந்தது. 1774இல் முதலாம் அப்துல் ஹமீத் பதவிக்கு வந்தபோது, யுத்தத்தில் கஜானா காலியாகிக் கிடந்ததால் அந்தப் பணத்தைக் கொடுக்க முடியவில்லை.

அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் நடந்ததும் இதே கதைதான், இடம் மட்டும் வேறு. அங்கே பிரபுக்களின் மாளிகைக்கு விருந்துக்குப் போனவர் திரும்பும்போது, வேலைக்காரர் எல்லோரும் வாசலில் வரிசையாக நிற்பார்கள். தொப்பியை எடுத்துத் தந்தவருக்கு ஒரு காசு, குதிரையைப் பிடித்தவருக்கு ஒரு காசு, சாப்பாடு பரிமாறியவருக்கு ஒரு காசு. இதற்கு 'வேய்ல்ஸ்' என்று பெயர். விருந்துக்குப் போய் வரும் செலவைத் தாங்க முடியாமல் அழைப்பையே மறுத்தவர்கள் இருந்தார்கள். எஜமான்களோ, எப்படியும் வேய்ல்ஸ் கிடைக்கும்தானே என்று சம்பளத்தைக் குறைத்தார்கள்.

ஜோனஸ் ஹன்வே என்ற வணிகர் 1760இல் இந்த வழக்கத்தைக் கண்டித்துக் கடித வடிவில் ஒரு நூல் வெளியிட்டார். மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு லண்டன் வீதியில் நடந்து கேலிக்கு ஆளான அதே ஹன்வேதான். பிரபுக்கள் பலர் வேய்ல்ஸ் கொடுப்பதை நிறுத்த முடிவு செய்தார்கள். வேலைக்காரர் சும்மா இருப்பார்களா? 1764இல் லண்டனின் ரனெலா பூங்காவில் பிரபுக்களின் ஏவலாளர்கள் கூடிக் கலவரம் செய்தார்கள். அவர்களைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிடுவது சுலபம். குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு வேலைக்கு வந்தவன், மிச்சத்தையும் பறித்தால் என்ன செய்வான்?

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். விருந்தாளி கொடுத்த காசு வேலைக்காரனின் கைக்குத்தான் போனது. ஆனால் அதனால் மிச்சம் பிடித்தவர் எஜமான். இந்தக் கணக்கு பிறகு கடல் தாண்டிப் போனது.

அமெரிக்காவில் நடந்தது

ஆச்சரியம் என்னவென்றால், அமெரிக்கர்கள் முதலில் டிப்ஸை வெறுத்தவர்கள். எல்லோரும் சமம் என்று சொல்லும் நாட்டில் ஒருவன் இன்னொருவனிடம் கை நீட்டுவதா, இது பழைய ஐரோப்பாவின் எஜமான் புத்தி என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். உள்நாட்டு யுத்தத்துக்குப் பிறகு ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போன பணக்காரர்கள்தான் இந்தப் பழக்கத்தைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள்.

வந்த நேரம் முக்கியமானது. 1865இல் அமெரிக்காவில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் நிலமும் இல்லாமல், கல்வியும் மறுக்கப்பட்டு, வேலை தேடி நின்றார்கள். ஜோர்ஜ் புல்மன் என்ற தொழிலதிபர் 1867இல் தன் கம்பனியைத் தொடங்கினார். இரவில் படுத்துறங்கிப் பயணம் செய்யக்கூடிய ஆடம்பர ரயில் பெட்டிகள் அந்தக் கம்பனிக்குரியவை. அந்தப் பெட்டிகளில் படுக்கை விரிக்க, பெட்டி தூக்க, பயணிகளின் சப்பாத்தைத் துடைக்க, முன்னர் அடிமைகளாக இருந்தவர்களை வேலைக்கு எடுத்தார். பின்னாளில், அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு அதிகம் வேலை கொடுத்த தனியார் கம்பனி புல்மன் கம்பனி என்று சொல்லும் அளவுக்கு அது வளர்ந்தது.

சம்பளம் மிகக் குறைவு. மிச்சத்தைப் பயணிகள் தருவார்கள் என்பதே கம்பனியின் ஏற்பாடு. சப்பாத்துத் துடைக்கும் மையைக்கூட அந்தத் தொழிலாளர் சொந்தக் காசில் வாங்க வேண்டும். பயணிகள் அவர்களது பெயரைக் கேட்பதில்லை. எல்லோரையும் 'ஜோர்ஜ்' என்றே கூப்பிடுவார்கள், முதலாளியின் பெயரால். அடிமையை எஜமானின் பெயரால் கூப்பிட்ட காலத்தின் மிச்சம் அது.

இன்னொரு செய்தி எம்மை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. அடிமைத்தனத்தை ஒழித்த ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் மகன் ரொபர்ட் லிங்கன்தான் 1897 முதல் 1911 வரை அந்தக் கம்பனியின் தலைவராக இருந்தவர். 1915இல் ஓர் அரசாங்க ஆணைக்குழு அவரை அழைத்து விசாரித்தது. தொழிலாளிக்கு மாதம் 27 டொலர் 50 சதம் கொடுத்துவிட்டு, மீதியைப் பொதுமக்களிடம் வாங்கிக்கொள் என்று விட்டது சரியா என்ற கேள்வி அங்கே எழுந்தது. நம் மாமா கேட்ட அதே கேள்விதான், நூறு வருடத்துக்கு முன்பு.

அந்தத் தொழிலாளர் சும்மா இருக்கவில்லை. 1925இல் ஏ. பிலிப் ரண்டோல்ஃபின் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். கம்பனி ஆட்களை வேலையில் இருந்து நிறுத்தியது, உளவு பார்த்தது. பன்னிரண்டு வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1937இல் கம்பனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மாதம் 400 மணித்தியாலமாக இருந்த வேலை நேரம் 240 ஆகக் குறைந்தது, சம்பளமும் கூடியது. அவர்கள் கேட்டது கூடுதல் டிப்ஸ் இல்லை. வாழக்கூடிய சம்பளம்.

டிப்ஸையே தடை செய்யவும் முயன்றார்கள். வொஷிங்டன் மாநிலம் 1909இல் சட்டம் போட்டது. அயோவா, தென் கரோலினா, டென்னஸி என்று இன்னும் சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. ஒன்றும் நிலைக்கவில்லை. 1926க்குள் அந்தச் சட்டங்கள் எல்லாம் இல்லாமல் போயின.

2 டொலர் 13 சதம்

1938இல் அமெரிக்காவில் முதன்முதலாக நாடு முழுவதற்கும் குறைந்தபட்சச் சம்பளம் சட்டமானது, மணித்தியாலத்துக்கு 25 சதம். ஹோட்டல், சாப்பாட்டுக் கடைத் தொழிலாளரில் பெரும்பாலானோருக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. 1966இல் அவர்களைச் சேர்த்தார்கள், ஆனால் ஒரு பின்கதவையும் திறந்து வைத்தார்கள். டிப்ஸ் வாங்கும் தொழிலாளியின் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரு பகுதியை, அவர் வாங்கும் டிப்ஸில் இருந்தே முதலாளி கழித்துக்கொள்ளலாம்.

அந்தப் பின்கதவு இன்றும் திறந்தே இருக்கிறது. அமெரிக்காவின் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2009 முதல் மணிக்கு 7 டொலர் 25 சதம். டிப்ஸ் வாங்கும் ஒருவருக்கு முதலாளி தன் கையால் கொடுக்க வேண்டியது வெறும் 2 டொலர் 13 சதம்தான். இந்தத் தொகை 1991இல் இருந்து மாறவே இல்லை. டிப்ஸ் சேர்ந்தும் 7.25 வராவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் முதலாளியிடம் போய் அதைக் கேட்கும் தைரியம் எத்தனை பேருக்கு வரும் என்பது வேறு கதை. கலிபோர்னியா, ஒரேகன் போன்ற ஏழு மாநிலங்கள் இந்த முறையை ஏற்காமல் முழுச் சம்பளத்தையும் கொடுக்கச் சொல்கின்றன. டெக்சாஸ் அந்த ஏழில் இல்லை.

இப்போது மாமாவின் மேசைக்கு வருவோம். அந்தப் பெண் ஐந்து மணித்தியாலம் நின்று வேலை செய்தால், சட்டப்படி முதலாளி அவளுக்குக் கொடுக்க வேண்டியது 10 டொலர் 65 சதம். அங்கே மேசையில் பரிமாறுபவருக்குப் பில்லில் 15 முதல் 20 வீதம் கொடுப்பது வழக்கம். மாமாவின் பில்லுக்கு அது 13 முதல் 17 டொலர் வரை. அவளது ஐந்து மணித்தியாலச் சம்பளத்தைவிட அது கூட. போதாக்குறைக்கு, பல கடைகளில் பரிமாறுபவர் தன் விற்பனைக் கணக்கின்படி மேசை துடைப்பவருக்கும் மற்றவருக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். அப்படியான இடத்தில் ஒரு மேசை ஒன்றும் வைக்காமல் எழுந்து போனால், அந்தப் பங்கு அவளது கையில் இருந்துதான் போகும். அவள் ஏன் சிரிக்கவில்லை என்பது எமக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆகவே மாமாவின் கேள்விக்குப் பதில் இதுதான். சம்பளம் கொடுப்பது முதலாளியின் வேலைதான், மாமா சொன்னது நியாயம். ஆனால் அந்த நாட்டின் சட்டம் முதலாளியின் தோளில் இருந்து அதை இறக்கி, சாப்பிட வருபவரின் தோளில் வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தை நாம் கொடுக்காமல் விடுவதால் மாற்ற முடியாது. நட்டப்படுவது அந்தப் பிள்ளை மட்டும்தான்.

ஊருக்கு ஊர் வேறு

இதை வாசித்துவிட்டு, போகிற இடமெல்லாம் 20 வீதம் வைக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு நாடும் வேறு வழியில் போயிருக்கிறது.

பிரான்ஸில் உணவகங்கள் சேவைக்கான கட்டணத்தை விலைக்குள்ளேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது 1980களில் இருந்து விதி. அங்கே மேசையில் விட்டு வரும் சில்லறை உண்மையிலேயே சந்தோசம்தான். விடாவிட்டால் யாரும் பின்னால் வரமாட்டார்கள்.

ஜப்பானில் மேசையில் காசை விட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து வீதி வரை ஓடிவந்து திருப்பித் தருவார்கள். அங்கும் ஒரு காலத்தில் பயணிகள் தங்கும் சத்திரங்களில் பில்லுக்கு மேலே 'சாதாய்', அதாவது தேநீர்க் காசு கொடுக்கும் வழக்கம் இருந்தது. பிறகு அது ஒழிந்து, இன்று பெரிய ஹோட்டல்களில் சேவைக் கட்டணம் பில்லிலேயே சேர்ந்து வருகிறது. பழைய பாணி விடுதிகளில் அறைப் பணியாளருக்குக் கொடுக்க விரும்புகிறவர்கள், வெறும் நோட்டை நீட்டாமல் ஒரு கடித உறையில் வைத்துக் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டாலும் குறையில்லை.

பிரித்தானியாவில் 2023இல் ஒரு சட்டம் வந்து, 2024 ஒக்டோபர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளர் தரும் டிப்ஸில் முதலாளி கை வைக்கக் கூடாது, முழுவதும் தொழிலாளருக்கே பகிர வேண்டும் என்பது அதன் சாரம். வேய்ல்ஸ் கலவரம் நடந்து 260 வருடத்துக்குப் பிறகு!

எகிப்து போன்ற நாடுகளில் பக்ஸீஸ் என்ற ஒரே சொல் மூன்று விஷயத்துக்கு ஓடுகிறது: ஏழைக்குக் கொடுக்கும் சதகா, வேலை செய்தவருக்குக் கொடுக்கும் சந்தோசம், அதிகாரிக்குக் கொடுக்கும் இலஞ்சம். பெட்டி தூக்கியவருக்கும் அறையைச் சுத்தம் செய்தவருக்கும் சில்லறை கொடுப்பது வேறு. வரிசையை முந்த, ஒரு முத்திரை குத்த, அதிகாரியின் கையில் வைப்பது வேறு. முதலாவதைத் தாராளமாகச் செய்யுங்கள், மற்றதன் பெயர் நமக்குத் தெரியும்.

பயணம் போகிறவர்கள் மூன்று விடயத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். ஒன்று, போகும் நாட்டில் பரிமாறுபவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று அங்கிருக்கும் நம்மவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இரண்டு, பில்லைக் கடைசி வரி வரை வாசியுங்கள். அமெரிக்காவிலும் ஆறு பேருக்கு மேல் போகும் குடும்பங்களுக்குப் பல கடைகள் டிப்ஸைத் தாமே சேர்த்துவிடும், இரண்டு தடவை கொடுக்கத் தேவையில்லை. நாமே போய்க் கோப்பி வாங்கும் கவுண்டரில் திரை கேட்கும் டிப்ஸும் கட்டாயமில்லை. மூன்று, டிப்ஸையும் பயணச் செலவுக் கணக்கில் முதலே சேருங்கள். கையில் இல்லாமல் போகும்போதுதான் மனம் சுருங்குகிறது.

கடைசியாக

இதை எழுதும்போது எமது பழைய மாணவன் ஒருவன் ஞாபகத்துக்கு வந்தான். வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் வெயிட்டராக இருக்கிறான். லீவில் வந்தபோது டிப்ஸைப் பற்றிக் கேட்டோம். சிரித்துக்கொண்டு சொன்னான்: "சேர், நம்மட ஆக்கள் வந்தா, எந்த ஊர், யார்ட மகன் எண்டெல்லாம் கேப்பாங்க. போகக்குள்ள தோள்ல தட்டிப் போட்டுப் போவாங்க. அது சந்தோசந்தான் சேர். ஆனா அத ஊருக்கு அனுப்ப ஏலாதே."

நம் பிள்ளைகள் எத்தனை பேர் இப்படிப் பிற நாட்டு மேசைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். அந்தச் சில்லறையில் கட்டிய வீடுகள் நம் தெருவில் இருக்கின்றன, அதில் படித்த பிள்ளைகள் எமது வகுப்பில் இருக்கிறார்கள். டெக்சாஸில் மாமாவின் பின்னால் வந்த பெண்ணும் ஒரு வீட்டின் பிள்ளைதான்.

போன கிழமை மாமாவிடம் இதையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "அப்ப அந்த முதலாளிதான் கள்ளன்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அடுத்த வருடம் திரும்பப் போகும் யோசனை இருக்கிறது, அந்த வீதக் கணக்கை ஒரு கடதாசியில் எழுதித் தாருங்கள் என்று கேட்டார். எழுதிக் கொடுத்தோம். நாலாக மடித்துக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

வெளிநாடுகளில் தொழில் செய்யும் சகோதர சகோதரிகளே, நீங்கள் இருக்கும் நாட்டில் வழக்கம் என்ன, நீங்கள் கண்டது என்ன என்று கீழே எழுதுங்கள். போகிறவர்களுக்கு உதவும்.